சராசரிக்குள் இருக்கும் மனிதர்கள்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கநிலை ஆசிரியர்களும் உயர்நிலை ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் கூட்டம் இது. இரு தரப்புக்கும் பயன்படும்படி ஏதாவது ஒரு பாடப்பொருளைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். நம் சமூக அறிவியல் புத்தகத்தில் மனித மேம்பாட்டுக் குறியீடு வரும் இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது: சராசரி ஆயுட்காலம். கல்வி, வருமானம் ஆகியவற்றோடு மூன்றாவது அளவுகோலாக அது நிற்கும். வாழ்நாள் எதிர்பார்ப்பு என்றும் சொல்கிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வில் எழுதுவார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தடுமாறுவார்கள்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகள். இதைப் படித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ எல்லாரும் முப்பத்திரண்டு வயசுலயே செத்துப் போயிட்டாங்களா, டீச்சர்?" என்பதுதான். அடுத்த நொடியே இன்னொரு மாணவன், "எங்க கொள்ளுத் தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாராம், அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி" என்பான். இரண்டுமே நியாயமான பேச்சு. இரண்டிற்கும் விடை கணக்குப் பாடத்தில் இருக்கிறது.

பத்து எண்கள்

கரும்பலகையில் நான் பத்து எண்கள் எழுதுவேன். ஒரு பழைய காலத்துச் சிற்றூரில் ஒரே ஆண்டில் பிறந்த பத்துக் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வோர் எண்ணும் ஒருவர் உயிரோடு இருந்த ஆண்டுகள்.

0, 0, 0, 3, 3, 24, 65, 70, 72, 75.

முதல் மூன்று பேர் பிறந்த சில நாள்களிலேயே இறந்தவர்கள். அடுத்த இருவர் மூன்று வயதில் வயிற்றுப்போக்கிலோ அம்மையிலோ போனவர்கள். 24 என்பது பிரசவத்தில் இறந்த ஒரு பெண். மீதி நால்வர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். கூட்டிப் பாருங்கள்: 312. பத்தால் வகுத்தால் 31.2. அந்த ஊரில் முப்பத்தொரு வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் சராசரி 31. கொள்ளுத் தாத்தாவும் பொய்யில்லை, புத்தகத்து எண்ணும் பொய்யில்லை.

இனி அடுத்த கேள்வி. இந்தச் சராசரியை உயர்த்த வேண்டும், எங்கே கை வைப்பீர்கள்? பெரும்பாலான பிள்ளைகள் முதியவர்களைத்தான் சொல்வார்கள். சரி என்று நால்வருக்கும் ஐந்தைந்து ஆண்டுகள் கூட்டுவோம். மொத்தம் 20 கூடும். சராசரி 33.2 ஆகும். இரண்டே ஆண்டு முன்னேற்றம்.

இப்போது அதை அழித்துவிட்டு, முதல் மூன்று குழந்தைகளைக் காப்பாற்றுவோம். மூவரும் 65 வயது வரை வாழ்ந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் சராசரி 50.7 ஆகிவிடும். மூன்று வயதில் போன இருவரையும் அப்படியே காப்பாற்றினால் 63.1. பிரசவத்தில் இறந்த பெண்ணும் 65 வரை இருந்திருந்தால் 67.2. முதியவர்கள் நால்வரின் ஆயுளில் ஒரு நாளைக்கூட நாம் கூட்டவில்லை.

உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது. இந்த ஆண்டு ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்களோ, அதே விகிதம் வாழ்நாள் முழுவதும் நீடித்தால் இன்று பிறந்த குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்று அட்டவணை போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அடிப்படை இதுதான். குழந்தை இறப்பு மிகுந்திருக்கும் இடத்தில் சராசரி ஆயுட்காலம் குறைவாக இருக்கும். எட்டாம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்பிலும் ஒரே பாடவேளையில் இந்தக் கணக்கைச் செய்யலாம். ஐந்தாம் வகுப்பில்கூட எண்களைச் சிறிதாக்கிச் செய்யலாம்.

ஐம்பது ஆண்டுகளில் நடந்தது

கரும்பலகையிலிருந்து நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் மாதிரிப் பதிவுத் திட்டம் என்ற ஒன்று 1970 முதல் பிறப்பு, இறப்புக் கணக்குகளைத் தொடர்ந்து திரட்டி வருகிறது. அதன்படி 1970-75 காலத்தில் இந்தியாவின் சராசரி ஆயுட்காலம் ஏறக்குறைய 50. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய 50தான். கேரளத்தில் 62. உத்தரப் பிரதேசத்தில் 43. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாம் நாட்டின் சராசரி மாநிலம். நம் பக்கத்து மாநிலத்தில் பிறந்த குழந்தை நம் குழந்தையைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழும் என்ற நிலை.

2016-20 காலக் கணக்கு வேறு மாதிரி. இந்தியா 70, தமிழ்நாடு சுமார் 73, கேரளம் 75, உத்தரப் பிரதேசம் 66. கேரளத்துக்கும் நமக்கும் இருந்த பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இரண்டாகக் குறுகியிருக்கிறது. ஆனால் ஒரே நாட்டுக்குள், ஒரே அரசமைப்புச் சட்டத்தின் கீழ், எங்கே பிறந்தோம் என்பதற்காக ஒன்பது ஆண்டு வேறுபாடு இன்னும் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது நம் முன்னேற்றம்? பெரும்பகுதி அந்தப் பூஜ்ஜியங்களிலிருந்து வந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர். 2020-ல் அது 13. எழுபத்தேழில் ஒருவர். இந்த அரங்கில் ஐம்பதை நெருங்கும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். நம்மோடு பிறந்து, நம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் போய்விட்டார்கள். நம் அம்மாக்களைக் கேட்டால் பெயர் சொல்வார்கள்.

அதே 2020-ல் கேரளத்தில் இந்த எண் 6, உத்தரப் பிரதேசத்தில் 38, இந்தியாவுக்கு 28. ஆயுட்காலத்தில் தெரியும் வேறுபாடு இங்கே அப்படியே தெரிகிறது.

மருந்து இருந்தால் போதுமா?

குழந்தைகளையும் தாய்மார்களையும் கொல்லும் காரணங்கள் பெரும்பாலும் புதிரானவை அல்ல. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் இருக்கிறது. தட்டம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது. நிமோனியாவுக்கு மருந்து இருக்கிறது. பிரசவ இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி இருக்கிறது. இவை எல்லாம் மருத்துவ உலகம் கண்டறிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே சில இடங்களில் மக்கள் நீண்டும் சில இடங்களில் குறைந்தும் வாழ்வதற்குக் காரணம் மருந்து உலகில் இல்லாதது அல்ல. அந்த மருந்துக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

தூரம் என்றால் கிலோமீட்டர் மட்டும் இல்லை. பிரசவ மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்ற இரு அறிஞர்கள் 1994-ல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று தாமதங்களைப் பற்றிச் சொன்னார்கள். உலகெங்கும் மருத்துவத் துறையினர் இன்றும் பயன்படுத்தும் விளக்கம் அது. முதல் தாமதம், மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில். இரண்டாவது, அங்கே போய்ச் சேர்வதில். மூன்றாவது, போய்ச் சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில்.

இந்த மூன்றும் எனக்குப் புத்தகத்தில் படித்ததைவிட வகுப்பில்தான் நன்றாகப் புரிந்தது. பத்து எண்களை எழுதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், மலையடிவாரக் குடியிருப்பிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க சித்தி அந்த இருபத்திநாலு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது. இடைவேளையில் வந்து மீதியைச் சொன்னாள். இரவில் வலி எடுத்திருக்கிறது. முதல் பிரசவம் அப்படித்தான் இழுக்கும், விடியட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் வண்டி கிடைக்கவில்லை. தார்ச்சாலை வரை தூக்கிக்கொண்டு வந்து ஒரு ஜீப் பிடித்திருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த மருத்துவமனையில் இரத்தம் இல்லை, வேறு ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது இவள் வீட்டில்தான் வளர்கிறது.

முடிவெடுப்பதில் ஓர் இரவு. வழியில் சில மணி நேரம். மருத்துவமனையில் இல்லாத ஒரு பை இரத்தம். மூன்று தாமதங்களும் வரிசையாக அங்கே இருக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்தப் பெண் பிழைத்திருக்கக்கூடும்.

தாமதங்களைக் குறைத்தவை

நம் மாநிலம் ஐம்பது ஆண்டுகளில் செய்ததை இந்த மூன்று தலைப்புகளில் அடுக்கிப் பார்த்தால் மாணவர்களுக்கு எளிதாக விளங்கும்.

முதலில் வழித்தூரம். 1946-ல் ஜோசப் போர் தலைமையிலான குழு, பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை முன்வைத்து, கிராமங்கள்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பின்னர் வந்த அளவுகோல். மலைப்பகுதிக்கு அது 20,000, 3,000. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், ஊரில் எந்தப் பெண் எத்தனையாவது மாதம் என்று பதிவேட்டில் வைத்திருப்பவர். 2008-ல் 108 ஊர்தி வந்தது. நம் கிராமத்துச் சாலைகளையும் நகரப் பேருந்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். அவையும் சுகாதார வசதிகள்தான்.

அடுத்து, போய்ச் சேர்ந்த பிறகு. மருத்துவமனை இருந்தும் மருந்து இல்லையென்றால் பயனில்லை. 1990-களின் நடுவில் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை அது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுழற்சி முறையில் செவிலியர்களை அமர்த்தி இரவு பகலாகப் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார், எந்த இடத்தில் தாமதம் என்று விசாரித்துப் பதிவு செய்யும் தணிக்கை முறையும் வந்தது.

விளைவைப் பாருங்கள். 2018-20 கணக்கின்படி உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார்கள் தமிழ்நாட்டில் 54. இந்தியாவில் 97. அசாமில் 195. கேரளத்தில் 19. மருத்துவ நிலையங்களில் நடக்கும் பிரசவங்கள் 2005-06-ல் இந்தியாவில் நூற்றுக்கு 39 ஆக இருந்து, 2019-21-ல் 89 ஆனது. தமிழ்நாட்டில் இப்போது 99-க்கும் மேல்.

மூன்றாவது, முடிவெடுக்கும் தாமதம். இதைக் கட்டடம் கட்டியோ ஊர்தி வாங்கியோ தீர்க்க முடியாது. இங்கேதான் நம் தொழில் வருகிறது.

கேரளம் நமக்கு முன்பே முன்னேறியது ஏன் என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது பணக்கார மாநிலமாக இருக்கவில்லை. திருவிதாங்கூரில் 1817-லேயே அரசி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1879-ல் அங்கே மாணவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சிறைவாசிகளுக்கும் அம்மைத் தடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிக்கூடமும் தடுப்பூசியும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் களப்பணி செய்த மானுடவியலாளர் ஜோன் மென்ச்சர் 1980-ல் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டார். கேரளத்தில் சுகாதார நிலையத்தில் சில நாள் மருத்துவர் இல்லையென்றால் மக்கள் திரண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பார்கள் என்பது அவருடைய கவனிப்பு. நமக்கு உரியது என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள், கேட்டதால் கிடைத்தது.

ஜான் கால்ட்வெல் என்ற மக்கள்தொகை அறிஞர் கேரளம், இலங்கை, கோஸ்டா ரிகா மூன்றையும் எடுத்துக்கொண்டு 1986-ல் எழுதினார். வருமானம் குறைவாக இருந்தும் ஆயுள் கூடிய இடங்கள் இவை. எளிதில் கிடைக்கும் மருத்துவம் ஒரு பக்கம், பெண் கல்வியும் பெண்களுக்கு வீட்டில் இருக்கும் சொல்லுரிமையும் மறுபக்கம் என இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் கிடைத்தது என்றார். படித்த தாய் காய்ச்சல் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியாரின் அனுமதிக்குக் காத்திராமல் கிளம்புகிறாள். மருத்துவர் சொன்ன மருந்தை முழு நாளும் கொடுக்கிறாள். சரியாகவில்லை என்றால் திரும்பவும் போய்க் கேட்கிறாள்.

அப்படியென்றால் எட்டாம் வகுப்போடு நின்றுவிடப் பார்க்கும் ஒரு பெண்ணை நாம் பேசிப் பேசிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுபோவது, பத்தாண்டு கழித்துப் பிறக்கப் போகும் ஒரு குழந்தையின் ஆயுளையும் கூட்டும் வேலை. பதினாறு வயதில் நடக்கவிருந்த ஒரு திருமணத்தைத் தடுப்பதும் அப்படித்தான்.

மருத்துவமனை மட்டும் போதாது

ஒரு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மாணவர்களுக்குப் பாதி உண்மையைத்தான் கொடுத்தவர்களாவோம்.

பிரிட்டனில் 1948 முதல் மருத்துவம் அனைவருக்கும் இலவசம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008-ல் வெளியிட்ட அறிக்கையில் ஓர் உதாரணம் கொடுத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறந்த ஆணின் சராசரி ஆயுட்காலம் 54. சில கிலோமீட்டர் தள்ளி லென்சி என்ற வசதியான பகுதியில் 82. இடையில் 28 ஆண்டுகள். இரு பகுதியினருக்கும் ஒரே இலவச மருத்துவம்தான். வேலையின்மை, வறுமை, குடி, புகை, நெருக்கடியான வாழ்க்கை ஆகியவை ஒரு பக்கத்தாரின் ஆயுளைத் தின்றுகொண்டிருந்தன. மருத்துவமனை நோயாளியைப் பார்க்கிறது. நோய் உருவாகும் வீட்டையும் தெருவையும் அது பார்ப்பதில்லை.

ஆகவே நல்ல தண்ணீர், கழிப்பறை, சத்தான உணவு, நியாயமான கூலி ஆகியவற்றையும் சேர்த்தே பேச வேண்டும். 1956-ல் காமராசர் காலத்தில் விரிவடைந்த மதிய உணவும், 1982-ல் வந்த சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் கல்வித் திட்டங்கள் மட்டும் அல்ல. நம் பள்ளிச் சமையற்கூடமும் ஒரு சுகாதார நிலையம்தான்.

இப்போது நம் மாநிலத்தில் புதிய எண்கள் எழுதப்படுகின்றன. பூஜ்ஜியங்கள் குறைந்துவிட்டன. ஆனால் 45, 50, 52 என்று எண்கள் வருகின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதே தெரியாமல், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் போகிறவர்கள். நம் மாணவர்களின் அப்பாக்கள் அவர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை தருகிறார்கள். அதன் நோக்கமும் தூரத்தைக் குறைப்பதே. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரை வாங்க வரிசையில் நிற்க முடியாது என்பதால்தான் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும் அன்றைய கூலி போய்விடுகிறதே.

நாம் செய்யக்கூடியவை

நான் சொல்லப்போவது எதுவும் கூடுதல் பதிவேடு அல்ல. பயப்பட வேண்டாம். நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைகள்தான்.

முதலாவது, பரிந்துரைச் சீட்டு. தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழு நம் பள்ளிக்கு வருகிறது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று பார்த்து, தேவைப்படும் குழந்தைக்கு மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருகிறது. அந்தச் சீட்டு பல நேரம் புத்தகப் பையிலேயே கசங்கிப் போகிறது. இதயத்தில் சத்தம் கேட்கிறது என்று எழுதிய சீட்டும் அப்படிப் போகலாம். சீட்டு வாங்கிய குழந்தைகளின் பெயரை வகுப்பாசிரியர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்துப் பெற்றோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. போனீர்களா, என்ன சொன்னார்கள் என்ற இரண்டே கேள்வி. போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் எங்கே போவது என்று தெரியாது, அல்லது ஒரு நாள் கூலி. முதலாவதை நாமே தீர்த்துவிடலாம்.

இரண்டாவது, இரும்புச்சத்து மாத்திரை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. பிரசவத்தில் இரத்தம் போகும்போது, இரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குத் தாங்கும் நேரமும் குறைவு. அந்த ஆபத்து பதினான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. மாத்திரையைக் கையில் கொடுத்து கையெழுத்து வாங்கினால் அது ஜன்னல் வழியாகப் போகும். எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும், தேநீரோடு போடக்கூடாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் விழுங்குகிறார்கள்.

மூன்றாவது, பாம்புக்கடி. நம்மில் பலர் வேலை செய்வது வயலும் கரும்புத் தோட்டமும் சூழ்ந்த ஊர்களில். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கான விஷம் எடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் நம் மாநிலத்து வடநெம்மேலியில்தான் இருக்கிறது. மருந்து இருக்கிறது. ஆனால் பச்சிலை, மந்திரம் என்று முதல் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கடித்த இடத்தைக் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கை கால் அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றி, உடனே மருத்துவமனை. கட்டுவிரியன் தரையில் தூங்கும்போது கடித்தால் வலியே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, கண் இமை சரிவு என்றுதான் வெளியே தெரியும். இதை ஒரு குழந்தை வீட்டில் போய்ச் சொன்னாலே ஒரு தாமதம் குறையும்.

நான்காவது, ஒரு வரைபடச் செயல்பாடு. மாணவர்களைத் தங்கள் வீட்டிலிருந்து துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை மூன்றுக்கும் உள்ள தூரத்தை எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, பகலில் போக எவ்வளவு நேரம், இரவு பத்து மணிக்கு மேல் எவ்வளவு நேரம் என்று இரண்டு கட்டம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, 108 ஊர்தி எதுவரை வரும் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் பத்து நிமிடம் எழுதுபவரும் இரண்டு மணி நேரம் எழுதுபவரும் இருப்பார்கள். மாநிலத்தின் சராசரி 73 என்று புத்தகம் சொல்வது உண்மைதான். அந்த 73-க்குள் சாலையே இல்லாத மலைக் குடியிருப்பும் இருக்கிறது, தெருமுனையில் மருத்துவமனை உள்ள நகரமும் இருக்கிறது என்பதை அவர்கள் கையாலேயே வரைந்து கண்டுகொள்வார்கள். அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். கிராம சபையில் பேச விரும்பும் பெற்றோர் கையில் கொடுங்கள். கேட்பதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும் ஓர் ஆசிரியர் தனியாகச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செவிலியர் வேலையை அவர் செய்வார், மருத்துவர் வேலையை அவர் செய்வார். சாலை போடுவதும் காலிப் பணியிடத்தை நிரப்புவதும் அரசின் பொறுப்பு. ஆனால் ஊரில் ஒவ்வொரு வீட்டின் குழந்தையையும் வாரம் ஐந்து நாள் பார்க்கும் அரசு ஊழியர் நாம் மட்டுமே. யார் வெளிறிப் போயிருக்கிறாள், யார் படி ஏறினால் மூச்சு வாங்குகிறான், யார் வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது பல நேரம் நமக்குத்தான் முதலில் தெரிகிறது.

அடுத்த முறை சராசரி ஆயுட்காலம் என்ற பாடம் வரும்போது, ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் அதை முடித்துவிடாமல் பத்து எண்களை எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். எந்த எண்ணை மாற்ற முடியும், அதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வரும் வாரத்திலேயே, கடந்த மருத்துவ முகாமில் சீட்டு வாங்கிய பிள்ளைகளின் பெயர்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.